இட்லிப்பூச் செடிக்கு ஏசி தண்ணீர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது நர்சரியில் ஒரு சிவப்பு இட்லிப்பூச் செடி வாங்கினேன். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு மாடிக்கு வந்ததும் அது வெளுக்க ஆரம்பித்தது. இலையில் நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள்.

"கண்ணு பட்டுட்டு," என்று மாமியார் தொட்டிக்கு மிளகாய் சுற்றிப் போட்டார். கணவர் யூரியா போட்டார். செடி இரண்டு பேரையுமே மதிக்கவில்லை.

நான் பேண்டேஜ் துணி யூனிட்டில் தரம் பார்ப்பவள். துணியை வெளுத்தபின் அதில் காரமோ அமிலமோ மிச்சம் இருக்கக்கூடாது, புண்ணில் எரியும். அதனால் அலசிய தண்ணீரை பிஎச் தாளில் தொட்டுப் பார்ப்போம். சிவந்தால் அமிலம், நீலமானால் காரம், பச்சை என்றால் வம்பில்லை. சூப்பர்வைசரிடம் கேட்டுக் கொஞ்சம் தாள் வாங்கி வந்து எங்கள் போர் தண்ணீரில் முக்கினேன். நீலம். தொட்டி மண்ணைக் கரைத்துப் பார்த்தேன். இன்னும் நீலம். காரம் ஏறிய மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் இழுக்க முடியாது. செடிக்கு ரத்தசோகைதான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. ரசம், மோர், பற்பசை எல்லாவற்றையும் சோதித்துவிட்டுக் கணவரை நாக்கை நீட்டச் சொன்னேன்.

"நான் என்ன பேண்டேஜ் துணியா?" என்றவர், கேட்டுக்கொண்டே நீட்டினார். மாமியாரின் நாக்குக்குத் தாள் தாங்காது என்று விட்டுவிட்டேன்.

பிறகு காரத்தை அடக்க வாளித் தண்ணீரில் வினிகர் கலந்தேன். ஒரு ஸ்பூன் போதும். நான் பாட்டிலைக் கவிழ்த்தேன். மிச்சமிருந்த இலையில் பாதி உதிர்ந்தது.

"ஏட்டி, செடிக்குத் தண்ணி ஊத்துதியா, ஊறுகா போடுதியா?" என்றார் மாமியார், மூக்கைப் பொத்திக்கொண்டு.

அவமானத்தோடு நின்றபோது ஏசி குழாயிலிருந்து கீழே வாளியில் சொட்டும் தண்ணீர் கண்ணில் பட்டது. தாளை முக்கினேன். பச்சை! பழைய மண்ணை உதறி, தேங்காய் நார்த் தூளும் மக்கிய உரமும் கலந்து செடியை மாற்றி வைத்தேன். அன்று முதல் அதற்கு ஏசி தண்ணீர் மட்டும்தான்.

இதில் பிழைத்தது முதலில் என் கணவர். பகலில் ஏசி போடக்கூடாது என்பது என் சட்டம். இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "செடிக்குத் தண்ணி வேணும்லா?" என்கிறார். ஏசிக் காத்து முட்டிக்கு ஆகாது என்ற மாமியாரும், "செத்த நேரம் படுக்கேன்," என்று அங்கேயே பாய் விரித்துவிட்டார்.

புது இலைகள் பச்சையாக வந்தன. பிறகு ஒரு கொத்துப் பூவும் வந்தது. அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரி, தன் ரோஜாவுக்கென்று ஒரு குடத்தோடு வந்து நின்றாள்.

மாமியார் பாயிலிருந்து எழாமலே சொன்னார்: "எங்களுக்கே பத்தலத்தா. நீயும் ஒரு ஏசி வாங்கிப் போடு."