மாத்திரைக்கு மிஞ்சிய தண்ணீர்

ஜவ்வாது மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநர். மருந்து கொடுக்கிற ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம், நோயாளிகள் உட்காரும் கூடத்தில், தொட்டியில் ஓர் அரேகா பனை, அழகுக்கு வைக்கிற செடி. அது என்னுடையதல்ல, ஆலங்காயத்துக்கு மாற்றலாகிப் போன சிஸ்டருடையது.

"வூடு கட்டி முடிக்கிற வரைக்கும் பாத்துக்கோங்க சார். தை மாசம் கிரகப்பிரவேசம். ஹால்ல மொதல்ல இதத்தான் வைக்கப் போறேன்" என்றார். ஜீப்பில் ஏறிய பிறகு அவர் திரும்பிப் பார்த்தது என்னையல்ல, கூடத்து வாசலை. அவர் தனியாக இந்த மலைக்கு வேலைக்கு வந்த வருடம் வாங்கிய செடி. நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "கவலையே படாதீங்க" என்று சொல்லிவிட்டேன்.

ஐப்பசிக்குள் பாதி ஓலை மஞ்சளாகி, நுனியெல்லாம் கருகிவிட்டது.

எனக்குக் கோபம் வர அதிக நேரம் ஆகாது. வந்தால் கூடம் துடைக்கும் அக்கா மேல்தான் இறங்கும். காலையில் "செடிக்குத் தண்ணி ஊத்துனீங்களா?" என்பதுதான் அவருக்கு நான் சொல்லும் வணக்கம். அவர் வாயைத் திறப்பதற்குள் திட்ட ஆரம்பித்துவிடுவேன். சிஸ்டர் வாரம் ஒருமுறை போனில், "எப்டி கீது சார்?" என்று கேட்பார். "ஜம்முனு இருக்கு" என்பேன். பொய் சொன்ன நாளில் அக்காவுக்குத் திட்டு இரண்டு மடங்கு.

கார்த்திகையில் ஒரு நாள் ஓர் ஓலை அடியோடு கழன்று விழுந்தது. நான் ஆரம்பிப்பதற்குள் அக்கா துடைப்பானைச் சுவரில் சாய்த்தார்.

"நான் ஊத்தறதே இல்ல சார். மண்ண தொட்டுப் பாருங்க."

தொட்டேன். சேறு.

"அப்போ யாரு ஊத்தறது?"

"இன்னிக்கு ஒரு நாளு, மாத்திரை குடுத்ததும் தலைய குனியாம பாருங்க. தெரியும்."

என் ஜன்னலில் ஒரு சட்டம் உண்டு. வீட்டில் போட்டுக்கொள்கிறேன் என்று வாங்கிப்போன மாத்திரைகள் பிரிக்காமலே கிடப்பதைக் கண்டு நானே போட்டது: முதல் மாத்திரையை என் எதிரில் விழுங்க வேண்டும். அதற்காகக் குடமும் டம்ளர்களும் வைத்திருந்தேன். விழுங்கியதும் என் கண் அடுத்த சீட்டுக்குப் போய்விடும்.

அன்று பார்த்தேன். நெல்லிவாசல்நாட்டு மலைக் கிராமத்திலிருந்து வந்த ஒருவர் மாத்திரையை விழுங்கினார், அரை டம்ளர் மீந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நேராகத் தொட்டிக்குப் போய் ஊற்றினார். அடுத்து வந்த அம்மாவும் அப்படியே. "பாவம், வாடிக் கெடக்குது" என்று ஒருவர் இன்னொரு டம்ளர் மொண்டும் ஊற்றினார். ஊற்றுக்கு நடந்து குடம் சுமக்கிற சனம், குடிதண்ணீரைத் தரையில் கொட்ட அவர்களுக்குக் கை வராது. மதியத்துக்குள் எண்ணுவதை விட்டுவிட்டேன். என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"மொதல்லியே சொல்லக் கூடாதாக்கா?"

"சொல்ல வுட்டாதான சார்."

"தப்பு என்னுது."

"தெரியும் சார்" என்றார், சிரிக்காமல்.

சாயங்காலம் இருவருமாகச் செடியைப் பிடுங்கினோம். பாதி வேர் கறுத்துக் குழைந்து நாறியது. கத்தரிக்கோலால் வெட்டி எறிந்தோம். செம்மண்ணில் பாதிக்குப் பாதி மணல் கலந்து, அடியில் ஓட்டை பெரிதாக்கிய சின்னத் தொட்டியில் நட்டு, வெளிச்சம் வரும் ஜன்னலோரம் வைத்தோம். குடத்துக்குப் பக்கத்தில் ஒரு வாளி வந்தது. "மிச்சத் தண்ணி இதுல ஊத்துங்க" என்று அக்கா ஒவ்வொருவரிடமும் சொன்னார். வாளித் தண்ணீர் வெளியே பப்பாளிக்குப் போனது. நான் விரலால் மண்ணைத் தொட்டுப் பார்ப்பதோடு சரி. மார்கழிக் குளிரில் நடுக்குருத்து ஒன்று பச்சையாக எட்டிப் பார்த்தபோது, சீட்டோடு நின்ற கூட்டத்தை விட்டுவிட்டு அக்காவைக் கூப்பிட ஓடினேன்.

தை மாதம் கிரகப்பிரவேசத்துக்கு ஷேர் ஜீப்பில் நான், அக்கா, நடுவில் தொட்டி. சிஸ்டர் அதைத் தடவிப் பார்த்தார். "எளச்சிருக்கு. ஆனா உசுரா கீது" என்றார். கண் கலங்கியிருந்தது.

"சாவடிக்கப் பாத்தது நானு. காப்பாத்துனது இவங்க" என்றேன். போனில் சொன்ன பொய்களையும் ஒப்புக்கொண்டேன். சிஸ்டர் அக்காவின் கையைப் பிடித்து, தொட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

விருந்து முடிந்து ஹாலில் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தேன், அரை டம்ளர் மீந்தது. கால் தானாகத் தொட்டிப் பக்கம் நகர்ந்தது. அக்கா என்னையே பார்த்தார்.

மிச்சத்தையும் நானே குடித்தேன்.