எதைக் கேட்டாலும் ஆமாம்

கேள்வியக்கா என்றால் அந்த ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் தெரியும். நோயாளிகளிடம் கருத்துக் கேட்பதுதான் அவள் வேலை. அடுத்தவர் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. பிறவிக்குணம். அதற்குச் சம்பளமும் கிடைத்தது அவள் யோகம்.

இந்த முறை எலும்பு முறிவு வார்டு. அங்கே நர்ஸ் அவளுடைய சொந்த அண்ணி. நோயாளிகள் சொல்வதை வைத்துப் போடும் மார்க் நன்றாக வந்தால் அண்ணிதான் தலைமை நர்ஸ். வருடக்கணக்காக அதற்குத்தான் காத்திருந்தாள்.

நோயாளிகளிடம் வாசித்து ஆமாவா இல்லையா என்று கேட்க மேலிடம் கொடுத்த வாக்கியங்களில் பாதி பாராட்டு, பாதி குறை. பாராட்டுக்கு ஆமாம் என்றால் மார்க் ஏறும், குறைக்கு ஆமாம் என்றால் இறங்கும்.

"நர்ஸ் அன்பாகப் பேசுகிறார்" என்று வாசித்தாள்.

"ஆமா" என்றாள் கால் உடைந்து கிடந்த தையல்காரி.

"நர்ஸ் எரிந்து விழுகிறார்."

"ஆமா."

அடுத்த கட்டில், அதற்கடுத்த கட்டில், எங்கும் இதே பாட்டு. அண்ணியின் மார்க் பாதியில் நின்றது.

"குறை சொல்ற கேள்விதான் ஜனங்களைக் குழப்புது. அதைத் தூக்கிடும்மா, நூத்துக்கு நூறு வந்துடும்" என்றார் மேலாளர்.

"தூக்கிடேன், உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள் அண்ணி.

கேள்வியக்காவுக்கு மண்டை குடைந்தது. ஒரே ஆள் எப்படி இரண்டுக்கும் தலையாட்ட முடியும்? வீட்டில் கணவனிடம் சோதித்துப் பார்த்தாள்.

"என் சமையல் நல்லா இருக்குல்ல?"

"ஆமா."

"வாயில வைக்க முடியலைல்ல?"

"ஆமா, ஆமா."

மகானுபாவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. ஆனால் தையல்காரி ஒவ்வொரு வார்த்தையையும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டல்லவா சொன்னாள்!

மறுநாள் நேராகப் போய் அவளிடமே கேட்டுவிட்டாள். "அன்பாப் பேசுறாங்கன்னாலும் ஆமா, எரிஞ்சு விழுறாங்கன்னாலும் ஆமான்னீங்களே. எதும்மா நிஜம்?"

தையல்காரி குரலைத் தாழ்த்தினாள். "எந்தப் பதில் யாருக்குப் பிடிக்கும்னு எனக்கென்ன தெரியும்? இல்லைன்னு சொல்லிட்டு, அப்புறம் கட்டு மாத்துறப்ப யார் கையில மாட்டுறது? ஆமான்னுட்டா வம்பில்லை பாரு."

திரைக்கு அந்தப் பக்கம் மருந்து எடுத்து வைத்துக்கொண்டிருந்த அண்ணி வெளியே வந்தாள். முகம் செத்துப்போயிருந்தது. பாராட்டுக்குச் சொன்ன ஆமாமும் இந்த வகைதான் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. கேள்வியக்காவுக்குப் பாவமாக இருந்தது.

"என்னைக் கண்டா பயமா உனக்கு?" என்றாள் அண்ணி.

தையல்காரி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"இல்லம்மா, இல்லவே இல்ல!"

அவள் அந்த வார்டில் சொன்ன முதல் 'இல்லை' அதுதான்.