என் விரல் பட்ட இரும்பு

பிள்ளைகளா, சிதம்பரத்தில் உங்கள் மாமா கடைக்குப் போனதும் ஐஸ்கிரீமைக் கூட மறந்துவிட்டு நீங்கள் இரண்டு பேரும் முட்டி மோதிக்கொண்டு ஓடுவீர்களே, அந்தப் பின்பால் மெஷின். அதன் இரும்பை மினுக்கியது அப்பா என்று உங்களுக்குத் தெரியும். அது ஒரு தடவை மினுங்கி, கெட்டு, மறுபடி மினுங்கிய கதை பெரியவளுக்கு அரைகுறையாக ஞாபகம் இருக்கலாம். சின்னவனுக்கு ஒன்றுமே இருக்காது. நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்தில் தப்பு இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அம்மாவின் தம்பி கடை வைக்க முடிவு செய்தபோது, புதுச்சேரியில் மூடிக் கிடந்த ஒரு விளையாட்டுக் கூடத்திலிருந்து இந்தப் பழைய மெஷினை வாங்கி வந்தான். சரிவான மேஜை, மேலே கண்ணாடி, உள்ளே எஃகுக் குண்டு. ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் குண்டு ஓடி மணிகளில் இடிக்கும். கீழே விழாமல் இரண்டு துடுப்புகளால் தட்டிவிட வேண்டும். ஒயரிங் வேலையைச் சிதம்பரத்திலேயே ஒரு எலக்ட்ரீஷியன் முடித்துவிட்டார். மிச்சம் இருந்தது இரும்பு. நான்கு கால்கள், இரண்டு பக்கத்துச் சட்டங்கள், ஆடுகிறவர் உள்ளங்கையை ஊன்றுகிற முன்பட்டை. எல்லாவற்றிலும் பழைய முலாம் செதில் செதிலாக உரிந்து, அடியில் துரு. புதிதாக முலாம் போடலாம் என்று கேட்டால், இந்த நீளத்துக்குத் தொட்டி இல்லை என்று முலாம்காரர் கைவிரித்துவிட்டார்.

மச்சான் ஒரு காரியம் பண்ணியிருந்தான். கடை திறப்புக்கு அழைப்பிதழ் அடித்து, அதில் மெஷின் படத்தைப் போட்டு, 'வாங்க, ஒரு ஆட்டம் ஆடலாம்' என்று அச்சிட்டிருந்தான்.

"மாமா, இரும்பு உங்க பொறுப்பு. சரியா வரலைன்னா மெஷின் மேல வேட்டியப் போத்தி மூலையில நிறுத்திடுவேன். ஊர்ல தலைகாட்ட முடியாது," என்றான்.

பக்கத்தில் அம்மாவின் பெரியப்பா இருந்தார். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே, "மாப்ள சைலன்சர் தேய்க்கிறவராச்சேடா. இது சீமைச் சாமானாட்டம் இருக்கு," என்றார். கல்யாணமானதிலிருந்து அவருக்கு நான் சைலன்சர் மாப்பிள்ளைதான்.

கடலூரில் நம் பட்டறைக்குக் கொண்டுவந்து, பழைய முலாமைச் சுரண்டி எடுத்தேன். முரட்டு எமரித் தாளில் ஆரம்பித்து வழவழத்தாள் வரைக்கும் தேய்த்து, பிறகு துணிச் சக்கரத்தில் மெழுகு வைத்து ஓட்டினேன். இரும்பில் என் முகம் தெரிந்தது. நம் பட்டறைக்கும் தேவனாம்பட்டினம் கடலுக்கும் நடுவில் நாலு தெருதான். உப்புக் காற்று படுவதற்குள் லாக்கர் என்கிற நிறமில்லாத வார்னிஷை அடித்து மூடிவிட வேண்டும் என்று, சூடு ஆறுவதற்குள் அடித்து முடித்தேன். காய்ந்ததும் சாக்கில் சுற்றி வேனில் சிதம்பரம் அனுப்பினேன்.

திறப்பு அடுத்த ஞாயிறு என்று இருந்தபோது மச்சான் போன் பண்ணினான். "மாமா, யாரோ உங்க வேலை மேல கை வச்சிட்டாங்க. நேர்ல வாங்க."

பஸ் பிடித்துப் போனேன். முன்பட்டையில், லாக்கருக்கு அடியில், பழுப்பு நிறத்தில் ஒரு பெருவிரல். சட்டங்களில் நாலு விரல், மூணு விரல். கால்களிலும் அங்கங்கே. ரேகை கூடத் தெளிவாகத் தெரிந்தது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உன் எலக்ட்ரீஷியன் எண்ணெய்க் கையோட தொட்டிருப்பான்," என்றேன்.

"அவரு தொடவே இல்ல மாமா. சாக்கைப் பிரிச்சப்பவே அப்படித்தான் இருந்துச்சு. லாக்கருக்கு அடியில எப்படித் தொடுவாரு?" என்றவன், குனிந்து அந்தப் பெருவிரலைப் பார்த்தான். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து அதன் பக்கத்தில் வைத்தான். எப்போதோ சக்கரம் வெட்டிய தழும்பு என் பெருவிரலில் குறுக்கே ஓடும். இரும்பில் இருந்த விரலிலும் அதே கோடு.

"திருடன் ஆப்ட்டுக்கிட்டான்," என்றான் மச்சான். சிரிக்கத்தான் பார்த்தான், பாதியில் நின்றுவிட்டது. அழைப்பிதழ் எல்லோர் வீட்டுக்கும் போய்விட்டதே.

இருபது வருஷமாகச் சைலன்சர் மினுக்குகிறேன். அவை முலாம் போட்டவை, வியர்வை பட்டாலும் துருப்பிடிக்காது. வெறும் இரும்பை மினுக்கியது அதுதான் முதல் தடவை. எல்லாவற்றையும் திரும்பக் கடலூருக்கே எடுத்து வந்தேன்.

நடந்ததைக் கேட்டுவிட்டு அம்மா என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "எல்லார் கையும் இப்படித்தானா, உங்க கை மட்டுமா? அத மொதல்ல பாருங்க," என்றாள்.

ஒரு தகட்டை மினுக்கி அடுப்படி மேடையில் வைத்தேன். நாம் நாலு பேரும் ஆளுக்கொரு மூலையில் பெருவிரலை அழுத்தினோம். காலையில் பார்த்தால் என் மூலை செம்பழுப்பு. பெரியவள் மூலையில் லேசான நிழல். சின்னவன் விரலை வைத்துவிட்டு நக்கியும் பார்த்திருந்தான், அது கணக்கில் சேராது. அம்மா மூலை மட்டும் பளிச்சென்று இருந்தது.

"உங்க கையில உப்பு ஜாஸ்தி," என்றாள். "அதான் குழம்புல நான் எவ்வளவு போட்டாலும் பத்தலைங்கிறீங்க."

அன்றிலிருந்து அம்மாதான் பட்டறைக்கு எஜமானி. நான் தின்னரில் லாக்கரைக் கரைத்து, மறுபடி முதலிலிருந்து தேய்த்தேன். சக்கரத்தை விட்டு இரும்பு வெளியே வந்த நொடியே அவள் வாங்கிக்கொள்வாள். தின்னர்த் துணியால் துடைப்பது, கொக்கியில் மாட்டுவது, திருப்புவது எல்லாம் அவள். பழக்கதோஷத்தில் நான் கையை நீட்டினால் புறங்கையில் ஒரு அடி விழும்.

"தொடாதீங்க. பார்க்கறதோட நிறுத்துங்க."

லாக்கரை நான் தூர நின்று அடித்தேன். காய்ந்த பிறகும் அம்மா அனுப்பவிடவில்லை. துரு வருவதாக இருந்தால் நம் கண்ணெதிரே வரட்டும் என்று, திறப்புக்கு முந்தின நாள் வரை கடல் பக்கத்து ஜன்னலோரம் சாத்தி வைத்தாள். தினமும் காலையில் போய்ப் பார்ப்பாள். ஒரு புள்ளி வரவில்லை.

திறப்பன்று பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி, கடை முழுக்கப் புனித நீர் தெளித்தார். மெஷின் மேலும் தாராளமாகத் தெளித்தார். நான் குனிந்து பார்த்தேன். தண்ணீர் முன்பட்டையில் முத்து முத்தாக நின்று, ஒன்றோடொன்று சேர்ந்து, தடம் இல்லாமல் உருண்டு கீழே விழுந்தது. எதிரில் நின்ற அம்மா என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள்.

அம்மாவின் பெரியப்பா வந்தார். மெஷினைச் சுற்றினார். முன்பட்டையில் குனிந்தார். சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து, பட்டையில் பார்த்து மீசையை வாரினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். வாரி முடித்து, "மாப்ள, இதுல என் மூஞ்சி இவ்ளோ கெழடாவா தெரியுது?" என்றார்.

"இரும்புக்குப் பொய் சொல்லத் தெரியாது மாமா," என்றேன்.

"அப்ப நல்ல வேலைதான்," என்று சொல்லிவிட்டு, ஆடுகிறவர்கள் வரிசையில் போய் நின்றார். முதல் ஆட்டத்தை மச்சான் தன் அக்காவுக்குத்தான் கொடுத்தான். அம்மா ஸ்பிரிங்கை இழுத்து விட்டதும் மணிகள் ஒவ்வொன்றாக அடித்தன. நீங்கள் இரண்டு பேரும் கண்ணாடியில் மூக்கை அழுத்தி நின்றீர்கள். பொழுது சாயும்வரை எத்தனை கைகள் அந்தப் பட்டையில் ஊன்றின என்று தெரியாது. நான் மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

"இனிமே தொடலாங்க," என்று அம்மா காதோரம் சொன்னாள்.

கூட்டம் கலைந்ததும் நீங்கள் எல்லோரும் மச்சான் வீட்டுக்குச் சாப்பிடக் கிளம்பினீர்கள். ஷட்டரைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று நான் பின்தங்கினேன். மெஷினின் கொக்கியை நெம்பி முன்பட்டையைக் கழற்றினேன். அதன் அடிப்பக்கம் மரத்தின் மேல் உட்காரும், யார் கண்ணிலும் படாது. அங்கே லாக்கர் கிடையாது, எண்ணெய் மட்டும்தான். ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு அந்த எண்ணெயைக் கைக்குட்டையால் சுத்தமாகத் துடைத்தேன். அதில் என் பெருவிரலை நன்றாக அழுத்தினேன். பட்டையைத் திரும்ப அதன் இடத்தில் பொருத்தி, கொக்கி விழுந்த சத்தம் கேட்டதும் விளக்கை அணைத்தேன்.