கவிநிலாவுக்கு ஒரு பாவாடை

கஸ்தூரியின் கதைகளை முதலில் கேட்கிற தலைவிதி எனக்குத்தான். தேரடி வீதியில் என் தையல் கடைக்கு அடுத்தது அவளுடைய ஜெராக்ஸ் கடை. கூட்டம் இல்லாத நேரத்தில் எழுதுவாள். நான் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கும்போது வந்து படித்துக் காட்டுவாள். எல்லாக் கதையிலும் எல்லோரும் நல்லவர்கள். கடைசியில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

"உப்புச் சப்பில்லடி. உன் கதையில யாருக்கும் ஒரு தலவலிகூட வராதா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். கோபித்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது கையில் வேறு மாதிரி கதை இருந்தது.

அது அவள் தங்கை கவிநிலாவின் கதை. கீழ்பென்னாத்தூரில், ஒன்பது வயதில், சொந்த நிலத்துக் கிணற்றில் விழுந்து இறந்தவள். கன்னியாகச் செத்தவளைப் பூவாடைக்காரி என்று அந்தக் குடும்பம் கும்பிடுகிறது. வருஷா வருஷம் தை மாதத்தில் கிணற்றடியில் பம்பை அடித்து அவளை அழைத்து வந்து, வீட்டில் புதுத்துணி படைப்பார்கள். அந்தப் பாவாடையைத் தைப்பது நான். சாமிக்கு மஞ்சளோ சிவப்போ எடுப்பதுதானே வழக்கம்? கஸ்தூரியின் அம்மா பாஞ்சாலை எப்போதும் காப்பிக்கொட்டை நிறத்தில்தான் துணி கொண்டுவருவார்.

"பச்சப்புள்ளைக்கு இந்தக் கலர்தானா கெடச்சுது பெரியம்மா?" என்று முணுமுணுப்பேன். "நீ தைம்மா" என்பதோடு சரி.

தண்ணீர் குடிக்க இறங்கிக் கால் வழுக்கிவிட்டது என்றுதான் ஊருக்குத் தெரியும். கதையிலோ நடந்தது நடந்தபடி இருந்தது. அன்று கவிநிலாவின் புதுப் பாவாடையில் சேறு பட்டுவிட்டது. "அம்மா பாத்தா தோல உரிச்சிடும். அலசினு வந்துடறேன்" என்று சிரித்துக்கொண்டே இறங்கியிருக்கிறாள். மேலே நின்று பார்த்தவள் கஸ்தூரி மட்டும்தான். உன் திட்டுக்குப் பயந்து இறங்கினாள் என்று பெற்றவளிடம் எந்த வாயால் சொல்வாள்? முப்பது வருஷம் முழுங்கிவிட்டாள். கேட்டு முடித்தபோது நான் அழுதுவிட்டேன்.

ஒரு பத்திரிகை அதை ஏற்றுக்கொண்டது. சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் முகம் செத்துப்போய் வந்தாள்.

"அச்சுல வந்தா யாராவது அம்மாவுக்குப் படிச்சுக் காட்டிடுவாங்கக்கா. வேணாம்னு சொல்லிடட்டுமா?"

"ஊரார் படிக்கிறதுக்கு முன்ன நீயே படிச்சுக் காட்டு. அம்மா வேணாம்னா வேணாம்" என்றேன். துணைக்கு வரச் சொன்னாள். அந்த வருஷப் படையலுக்குத் தைத்த பாவாடையை எடுத்துக்கொண்டு நானும் போனேன்.

படையல் முடிந்து பம்பைக்காரர்கள் சாப்பிட உட்கார்ந்த பிறகு, உள்ளறையில் அம்மா முன்னால் படித்தாள். சேறு பட்ட இடம் வந்ததும் குரல் நின்றுவிட்டது.

"படி" என்றார் பாஞ்சாலை.

முடிந்த பிறகும் அவர் தலை நிமிரவில்லை. இவளைக் கிளப்பிவிட்ட என் வாயை நானே திட்டிக்கொண்டேன்.

"எனக்குத் தெரியும்டி" என்றார் அப்புறம். "கிணத்துப் படியில சோப்புக் கெடந்துச்சு. தண்ணி குடிக்கப் போறவ சோப்பு எடுத்துனு போவாளா? யாருக்கும் தெரியாம நான்தான் ஒளிச்சு வெச்சேன். கேட்டா நீ நொந்துடுவனு கேக்கல. ஆனா புள்ள பயந்துனே போயிடுச்சோனு இத்தினி வருஷமும் நெஞ்சு வெந்துச்சு. சிரிச்சுனே எறங்குச்சுன்னு நீ எழுதினதாலதான தெரிஞ்சுது. நீ நல்லா இருக்கணும்டி. போடச் சொல்லு."

கஸ்தூரி அம்மா மடியில் விழுந்து அழுதாள். இப்படி ஒரு தாய் கிடைத்ததற்கு எத்தனை முறை கும்பிட்டாலும் தகும் என்று எனக்கே தோன்றியது.

பாஞ்சாலை கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டில் இருந்த பாவாடையை மடி மேல் எடுத்து வைத்தார்.

"ஏன் இந்தக் கலர்னு கேட்டுனே இருந்தியேம்மா" என்றார் என்னிடம். "சேறு பட்டாலும் தெரியாதுல்ல."