பந்திக்குப் பின் தோடி

அது யுத்தகாலம். நான் திருச்சியில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியர். என் அண்ணன் புதுக்கோட்டையில் பள்ளிக்கூட வாத்தியார். ஓய்வு நேரத்தில் பாட்டு. கீரமங்கலம் பக்கத்தில் ஒரு மிராசுதார் தம் மகள் கல்யாணத்துக்கு அவரைப் பாட அழைத்திருந்தார். பாட்டு பிடித்துப்போனால் குடும்பத்தோடு அங்கேயே வைத்துக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார். இருக்க வீடு, சாப்பாட்டுக்கு நெல், வெள்ளிக்கிழமைதோறும் கச்சேரி. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட வேண்டும். மதினி அப்போது பிள்ளைத்தாய்ச்சி. அவருக்கு இதில் இஷ்டமில்லை. கச்சேரியைக் கேட்டுவிட்டுப் பேசலாம் என்று மூவரும், பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியை எரித்து அந்தக் கேஸில் ஓட்டிய பஸ்ஸில் போனோம்.

அந்த வீட்டுக் கல்யாணங்களில், ஆண்கள் பந்தி எழுவதற்கு முன் லேகியம் வரும். சுக்கும் கசகசாவும் கருப்பட்டியும் போட்டு, நெய்யில் வறுத்த கஞ்சா இலையைச் சேர்த்து வைத்தியர் கிண்டுவது. செரிமானத்துக்கு என்று பேர். பெண்கள் பந்திக்கு அது போகாது.

"வாத்தியாரே, தொண்டைக்கு நல்லதுங்க," என்று மிராசுதார் அண்ணன் இலையில் இரண்டாவது உருண்டையை வைத்தார்.

"பேப்பர்காரருக்கு?" என்றார் எதிர் வரிசையில் ஒருவர்.

"அவருக்கு எதுக்கு? அவரு எழுதுறதுலயே பாதி மயக்கத்துல எழுதுறதுதானே," என்றார் மிராசுதார்.

பந்தி சிரித்தது. நானும் ஒன்றை விழுங்கினேன்.

வெயில் சாயுமுன் பந்தலில் கச்சேரி தொடங்கியது. முதல் இரண்டு பாட்டு வரை எனக்கு ஒன்றும் இல்லை. அண்ணன் தோடியை எடுத்தபோது என் வாய் உலர்ந்தது. தம்புராவின் நாலு தந்தியும் நாலு திசையிலிருந்து வந்தன. ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஓர் அறை அளவுக்கு இடம் திறந்தது. அதற்குள் போய் நிற்க முடிந்தது. காந்தாரம் அசைந்தபோது பந்தல் துணியும் அசைந்தது. எது எதை அசைக்கிறது என்று தெரியவில்லை. பிறகு பயம் வந்தது. என் நெஞ்சடிப்பு கேட்டது. அண்ணன் அடுத்த ஸ்வரத்துக்குப் போகாவிட்டால் அது நின்றுவிடும் என்று உறுதியாகத் தோன்றியது. பெண்கள் பக்கத்தில் நிறங்கள் குறைந்துகொண்டிருந்தன. அரக்கு, பச்சை, மாம்பழ மஞ்சள் என்று சேலைகள் ஒவ்வொன்றாகக் கரைந்து, கடைசியில் மதினியின் நீலம் மட்டும் மிஞ்சியது. லேகியத்தின் வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

முடிந்ததும் ஆண்கள் அசையாமல் இருந்தார்கள். சிலர் கண்களில் நீர். மிராசுதார் தம் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து அண்ணனுக்குப் போர்த்தினார். "இனிமே நீங்க நம்ம வீட்டு ஆளு," என்றார். அண்ணன் தலையசைத்தார்.

மறுநாள் புதுக்கோட்டை வீட்டில் அண்ணன் குளிக்கப் போயிருந்தபோது மதினி என்னிடம் கேட்டார். "தம்பி, நீங்க சொல்லுங்க. பாட்டு எப்படி இருந்துச்சு?"

நன்றாக இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். நான் கேட்டது பாட்டைத்தானா என்று எனக்கே நிச்சயமில்லை.

"பொம்பளைக ஒவ்வொருத்தரா எந்திரிச்சு உள்ள போயிட்டாக. நீங்க பாக்கலையா? ஒரே எடத்தையே சுத்திச் சுத்திப் பாடுனாரு. பக்கவாத்தியக்காரரு ரெண்டு தரம் கைய எடுத்துட்டுப் பார்த்தாரு. நான் எந்திரிச்சா அவரு மனசு நோகும்னு உக்காந்திருந்தேன்."

அப்போதுதான் எனக்கு அந்தச் சேலைகள் விளங்கின.

அண்ணன் ஈரத் தலையோடு வந்து நின்றார். எல்லாம் காதில் விழுந்திருந்தது. "அவுகளுக்கு அடுப்பு வேலை இருந்திருக்கும்," என்றார். சொன்ன கையோடு தம்புராவை எடுத்துச் சுருதி கூட்டினார். அதே தோடி. எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை. சுத்தமாக, அளவாகப் பாடினார். எங்கும் தேங்கவில்லை. நான் கேட்டவரையில் அவர் அதைவிட நன்றாகப் பாடியதில்லை.

"இது நல்லாருக்கு," என்றார் மதினி.

"இது நான் தெனமும் பாடுறது," என்றார் அண்ணன். "நேத்து நான் கேட்டது இதுல இல்ல. அந்தக் காந்தாரத்துக்குள்ள என்ன இருந்துச்சுன்னு ஒங்க ரெண்டு பேருக்கும் தெரியாது."

"எனக்குக் கொஞ்சம் தெரியும்ணே. நானும் சாப்பிட்டேன்," என்றேன். "அது லேகியம்."

"இருக்கட்டும்," என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் பேசிப் பார்த்திருக்கலாம்.

அந்த வாரமே வேலையை விட்டார். சாமான்களை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு பஸ் நிலையத்தில் நின்றோம். அண்ணன் தம்புராவை மடியில் வைத்துக்கொண்டு முன் பக்கம் உட்கார்ந்துவிட்டார். மதினி படியில் கால் வைக்குமுன் திரும்பினார்.

"ஏன் தம்பி, அங்கிட்டு அந்த லேகியம் தெனமும் உண்டா, கல்யாணத்துக்கு மட்டுந்தானா?"

"கல்யாணத்துக்கு மட்டுந்தான் மதினி," என்றேன். அது எனக்குத் தெரியாது.