காலையை மறந்த கருவி

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்தது, ஒரு பேட்டரியை மாற்றியதுதான். சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, அவருடைய டைவ் கம்ப்யூட்டரின் பின்மூடியைக் கழற்றினேன். மணிக்கட்டில் கட்டும் சிறு கருவி. அவர் டார்ச் பிடித்தார்.

அப்பா துறைமுகத்தில் நீருக்கடியில் வேலை செய்தவர். கப்பலின் அடிப்பகுதியைச் சுரண்டுவார், விசிறியில் சிக்கிய கயிற்றை அறுப்பார். ஆழத்தில் இருக்க இருக்க நைட்ரஜன் உடம்பில் ஏறும். அளவு மீறினால், மேலே வந்ததும் மூட்டுகளைப் பிடித்து முடக்கிவிடும். எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று பார்க்க முன்பெல்லாம் பிளாஸ்டிக் அட்டவணைதான். அது கடைந்தெடுத்த கஞ்சன் என்பார். ஒரு நிமிடம் எட்டிப்பார்த்த ஆழத்தில் முழு நேரமும் கிடந்ததாகக் கணக்கு வைக்கும். கருவி ஏற்ற இறக்கத்தைப் பார்த்து நேரத்தைத் தாராளமாகத் தரும். அதனால் கருவிதான் அவருக்குச் செல்லம்.

அன்று காலையே ஒருமுறை இறங்கியிருந்தார். சாப்பிட்டுவிட்டு, ஒரு கப்பலின் விசிறியில் சிக்கிய கயிற்றை அறுக்க மறுபடி இறங்க வேண்டும். புது பேட்டரி போட்டதும் திரை வந்தது, எல்லாம் பூஜ்யம். அந்த மாடலில் பேட்டரியை எடுத்தால் முந்தைய கணக்கு அழிந்துவிடும்.

"பாத்தியா, நான் இன்னிக்குத் தண்ணியையே பாக்கலைங்குது. பச்சப்புள்ள ஆக்கிடுச்சு."

"உடம்புக்கு பேட்டரி மாத்தலையேப்பா."

"ம். அத சூப்பர்வைசர்கிட்ட சொல்லணும்."

அட்டவணையை எடுத்து, காலையில் ஏறி இன்னும் இறங்காத நைட்ரஜனையும் சேர்த்து விரலை ஓட்டினார். மிஞ்சிய நேரம் பாதிக் கயிற்றை அறுக்கக்கூடக் காணாது. நாளைக்குத்தான் முடியும் என்று போனில் சொன்னார். கப்பல் மாலையில் கிளம்ப வேண்டுமாம். கருவி என்ன சொல்கிறது என்று சூப்பர்வைசர் கேட்டார். போகலாம் என்கிறது, என்றார் அப்பா. அப்புறம் என்ன, என்றார் அவர்.

"காலைல என்கூட வந்ததே அதுக்கு ஞாபகமில்ல சார். என் முட்டிக்கு ஞாபகமிருக்கு."

வேறொருவர் இறங்கி வேலையை முடித்தார். அவர் காலையில் இறங்காதவர். அதை யாரும் பேசவில்லை; அப்பா பயந்துவிட்டார், வயதாகிவிட்டது என்று மட்டும் பேசினார்கள். மறுநாளிலிருந்து அவருக்குப் படகில் நின்று, கீழே இறங்குபவர்களின் காற்றுக் குழாயைப் பிடிக்கும் வேலை. புதிதாக மருத்துவச் சான்று வாங்கி வந்தால்தான் இனி இறங்கலாம் என்றார்கள்.

நான் நினைவூட்டும்போதெல்லாம் அதே பதில்: "போலாம்மா. இன்னிக்கு அசதியா இருக்கு." தினமும் அசதியாகத்தான் இருந்தது. இறங்க ஆசை விட்டுப்போயிற்று என்று அம்மா நினைத்தாள், நானும் நினைத்தேன். ஒரு விடுமுறை நாள், மதியம் படுத்தவர் எழவில்லை. மாரடைப்பு.

நேற்று ஒரு கிளினிக்கிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். தண்ணீருக்குள் இறங்கத் தகுதிச் சான்று வேண்டுமென்று, இறப்பதற்கு முந்தின நாள் அவரே பேசி நேரம் வாங்கியிருக்கிறார். எங்களிடம் மூச்சு விடவில்லை. நாளைக் காலை வெறும் வயிற்றோடு வரச் சொல்லுங்கள் என்றாள் அந்தப் பெண்.

சொல்கிறேன் என்றேன்.