ராசியான வண்டியும் செங்கோட்டை இரட்டையரும்

வாடகைக் கார் ஓட்டுகிறவனிடம் ஜனங்கள் வழிதான் கேட்பார்கள் என்று நினைத்து இந்தத் தொழிலுக்கு வந்தேன். தென்காசியில் என்னிடம் பாதிப் பேர் கேட்பது, பிள்ளை இல்லாதவர்களுக்கு எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று. காரணம், என் வண்டி ராசியான வண்டி. எனக்கு முன்னால் இதை ஓட்டிய மாடசாமி அண்ணாச்சி, பன்னிரண்டு வருஷம் பிள்ளையில்லாத ஒரு செங்கோட்டைத் தம்பதியை இதில்தான் திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாராம். மறு வருஷமே இரட்டைக் குழந்தை. வண்டியை எனக்கு விற்றபோது சாவியோடு இந்தக் கதையையும் கொடுத்தார்.

ஏறுகிறவர்களுக்கெல்லாம் அதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல, பல வருஷமாக அதைச் சந்தேகப்பட்டும் வந்தேன். டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி நாற்காலிகளில் காத்திருந்தவர்களுக்கு, ஒரே ஆள் நம்பவும் சந்தேகப்படவும் எப்படி முடியும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஈரத் துண்டு

சுந்தரபாண்டியபுரத்தில் ஒரு விவசாயக் குடும்பம். மகன், மருமகள், மாமியார் மூவரும் மாதம் ஒருமுறை என் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். தெருவில் யாராவது கேட்டால், குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறோம் என்பார்கள். திரும்பும்போது ஊருக்குள் நுழையும் முன் ஒரு பம்புசெட்டில் வண்டியை நிறுத்தச் சொல்லி, மாமியார் மூன்று துண்டுகளையும் நனைத்துப் பிழிந்து வாளியில் போட்டுக்கொள்வார். மருமகள் தலையிலும் இரண்டு கை தண்ணீர்.

ஒரு ஆடி மாதம். மலையில் நல்ல மழை. ஆஸ்பத்திரியில் அன்றைக்கும் கை விரித்துவிட்டார்கள். ஆனாலும் பம்புசெட்டில் நிறுத்தினோம், துண்டுகள் நனைந்தன. வீட்டு வாசலில் வாளியோடு இறங்கிய மாமியாரைப் பக்கத்து வீட்டுக்காரி ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “அருவியில வெள்ளம், குளிக்கத் தடைன்னு காலையிலேருந்து டிவியில சொல்லுதானே. நீங்க எங்கன மதினி குளிச்சிட்டு வாரீய?”

நீலத் தொப்பி

இந்த ஆஸ்பத்திரிகளில் சுவர் முழுக்கக் குழந்தைப் படங்கள் இருக்கும். வருகிறவர்கள் அதைப் பார்த்தே பாதி முடிவெடுத்துவிடுவார்கள். தென்காசியில் ஓர் இடத்தில் நீலத் தொப்பி போட்ட இரட்டைக் குழந்தைகள். ஒன்று கைமுஷ்டியை வாயில் வைத்திருக்கும். எனக்கு அதைப் பார்த்ததும் செங்கோட்டைப் பிள்ளைகளின் ஞாபகம் வந்தது. பார்த்தறியாத பிள்ளைகளின் ஞாபகம்!

இரண்டு வாரம் கழித்து நாகர்கோவிலுக்கு ஒரு சவாரி. அங்கேயும் வேறொரு ஆஸ்பத்திரிச் சுவரில் அதே தொப்பி, அதே முஷ்டி. வரவேற்பில் இருந்த பெண்ணிடம், “இந்தப் பிள்ளைகள் எந்த ஊரும்மா?” என்றேன். கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: “அது ஃபிரேம் வாங்கும்போதே உள்ள இருந்த படம்ண்ணே.”

டாக்டர் வருவார்

தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆலோசனை முகாம். வாசலில் ஒரு பெரிய டாக்டரின் படம் போட்ட பேனர். இலஞ்சியிலிருந்து ஒரு போலீஸ்காரத் தம்பியையும் அவர் மனைவியையும் கூட்டிப்போனேன். உள்ளே கோட்டு போட்ட ஓர் இளைஞர் எல்லா விவரத்தையும் கேட்டு எழுதிக்கொண்டு, சிகிச்சைக்கு இன்றே பெயர் கொடுத்துவிடுங்கள் என்றார். போலீஸ்காரர் மெதுவாக, “சார் என்ன படிச்சிருக்கீங்க?” என்றார். “நான் கோ-ஆர்டினேட்டர் சார். டாக்டர் வந்துக்கிட்டே இருக்காங்க.”

மூன்று மணி நேரம் வந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் போலீஸ்காரர் மனைவியை எழுப்பிக்கொண்டு வண்டிக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: “ஸ்டேஷன்ல எங்க ஏட்டையாவும் இப்படித்தான் அண்ணாச்சி, ‘ஐயா வந்துருவாரு’ன்னு சொல்லிச் சொல்லியே மனு கொண்டுவந்தவன வீட்டுக்கு அனுப்பிருவாரு.”

கட்டம் போட்ட நோட்டு

என்னை அதிகம் சங்கடப்படுத்தியது ஒரு டீச்சர்தான். அவரும் கணவரும் ஒரே வாரத்தில் மூன்று ஆஸ்பத்திரிக்கு என் வண்டியில் போனார்கள். டீச்சர் கையில் ஒரு நோட்டு. அதில் கட்டம் போட்டு மூன்று பெயரையும் எழுதியிருந்தார். யார் பார்ப்பது, ஆய்வுக்கூடம் அங்கேயே இருக்கிறதா, கணவனுக்கும் பரிசோதனை செய்கிறார்களா, எல்லாச் செலவையும் முதலிலேயே எழுதித் தருவார்களா என்று வரிசையாகக் கேள்விகள். ஓர் இடத்தில் “எங்களிடம் பெரும்பாலும் வெற்றிதான்” என்றார்களாம். டீச்சர் விடவில்லை. “வெற்றின்னா டெஸ்ட்ல பாசிட்டிவ் வந்ததா, இல்ல பிள்ளை வீட்டுக்கு வந்ததா? என் வயசுக்காரங்கள்ல எத்தனை பேருக்கு?” என்று கேட்டிருக்கிறார். பதிலுக்குக் காபி வந்ததாம்.

திரும்பி வரும் வழியில் அவர் கணவர், “தேங்காய ஆட்டிப் பாத்து வாங்குத மாதிரில்லா பாக்கா” என்று சிரித்தார். நானும் பேச்சுவாக்கில் செங்கோட்டைக் கதையைச் சொன்னேன். டீச்சர் உடனே பேனாவைத் திறந்தார். நோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மறுபடி மூடினார். “நீங்க சொன்னத எழுத இதுல கட்டம் இல்லையே அண்ணாச்சி.”

என் வீட்டுச் சவாரி

என் மகளுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம். வயது முப்பத்தைந்து. இரண்டு முறை சிகிச்சை எடுத்து இரண்டும் நிற்கவில்லை. இன்னும் ஒரு தடவைதான், அதற்கு மேல் என்னால் முடியாது என்று அவளே சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை தென்காசியிலேயே ஓர் ஆஸ்பத்திரியைப் பார்த்துவைத்திருந்தார். அங்கே வீண் நம்பிக்கை தரவில்லை. வாய்ப்பு குறைவு என்று முகத்துக்கு நேராகச் சொல்லி, எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதனாலேயே அவளுக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: “அந்தச் செங்கோட்டைக்காரங்க போன ஆஸ்பத்திரிக்கே போறோம்ப்பா. நீங்க சும்மா சொல்லுவீங்களா?”

தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அந்தத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு எத்தனை பேரைக் கூட்டிப்போயிருக்கிறேன்! பிள்ளை கிடைத்தவர்கள் ஒன்றிரண்டு பேர் இனிப்போடு வந்தார்கள். வராதவர்களைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. அவர்களெல்லாம் அடுத்தவர் மகள்கள்.

மறுநாள் காலை மேலகரத்தில் மாடசாமி அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். “வாலே, வண்டி நல்லா ஓடுதா? அதுக்க ராசி அப்படி!” என்று அவரே கதையை ஆரம்பித்தார். இந்தத் தடவை பன்னிரண்டு வருஷம் பதினைந்தாகியிருந்தது. முழுக்கக் கேட்டேன். வாரத்துக்கு நாலு தடவை செங்கோட்டையைத் தாண்டிப் போகிற எனக்கு, எந்தத் தெரு, யார் வீடு என்று ஒரு நாளாவது விசாரிக்கத் தோன்றாமல் போனதுதான் என் இருபது வருஷத் தொழில் அனுபவம். அவர் முடித்ததும் கேட்டேன்:

“அண்ணாச்சி, அந்தப் பிள்ளைகள நீங்க கண்ணால பாத்தீங்களா?”